ரொக்கெட் அடுப்பு: தமிழில் என்ன பெயர் வைக்கலாம்?

2022இல் கேஸ் தட்டுப்பாடு வந்தபோது திருகோணமலையில் பல வீட்டுக் குசினிகளுக்குள் விறகு திரும்பி வந்தது, கூடவே புகையும் வந்தது. அப்போதுதான் நானும் வீட்டுப் பின்வளவில், புகை குறைவாக விறகை எரிக்கும் ரொக்கெட் அடுப்பு கட்டத் தொடங்கினேன். பக்கத்து வீட்டு மாமி கேட்ட முதல் கேள்வியே, "இது என்ன, பறக்குமா?"

பறக்காது. பெயர்தான் குழப்புகிறது. ரொக்கெட் என்ற சொல்லின் வேர் இத்தாலிய மொழியில் இருக்கிறது. நூல் நூற்கும்போது பஞ்சைச் சுற்றி வைக்கும் கோலுக்கு அங்கே ரொக்கா என்று பெயர், அதன் சின்ன வடிவம் ரொக்கெட்டா. வாணவெடி அந்தக் கோலைப் போல இருந்ததால் பெயர் அதற்குப் போய், பிறகு விண்வெளிவரை ஏறி, கடைசியில் அடுப்பில் வந்து இறங்கியிருக்கிறது. இந்த அடுப்பின் அடிப்படை விதிகளை 1980களின் தொடக்கத்தில் வகுத்தவர் லாரி வினியார்ஸ்கி, அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் உள்ள அப்ரொவெச்சோ ஆய்வு நிலையத்தோடு சேர்ந்து இயங்கியவர்.

இந்த அடுப்பின் வடிவத்துக்கு ஆங்கிலத்தின் 'எல்' எழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள். படுத்த பகுதியில் விறகு, நிமிர்ந்த பகுதியில் தீ. சூடான காற்று குழாயில் மேலே ஏற, கீழ்வாய் புதுக் காற்றை இழுக்கும். புகை என்பது எரியாமல் தப்பிப் போகும் விறகுதான், அதைக் குழாய்க்குள்ளேயே எரித்து முடிப்பதுதான் இங்கே வேலை. அதற்கு உள்ளே நல்ல சூடு நிற்க வேண்டும், சுவர் சூட்டைக் குடிக்கக்கூடாது. நான் சறுக்கியது இங்கேதான். முதலாவதை செங்கல்லும் சீமெந்தும் வைத்துக் கனமாகக் கட்டினேன், கல் சூடாகி முடியவே அரை மணி போனது, அதற்குள் சீமெந்து வெடித்துவிட்டது. இரண்டாவது, பெரிய பெயின்ற் வாளிக்குள் தகரக் குழாய், இடையில் அடுப்புச் சாம்பல். காற்றை அடைத்து வைத்திருக்கும் சாம்பல் சூட்டை வெளியே விடாது (சாம்பல்தீவு என்ற ஊர் பக்கத்தில் இருக்கிறதே என்று நண்பர்கள் கேலி செய்தார்கள்). விறகுக்குக் கீழே ஒரு தட்டு வைத்துக் காற்றுக்கு வழி விட்டதும் புகை பெரும்பாலும் நின்றது. வாயை விறகால் நிரப்பினால் எல்லாம் பாழ். அந்தத் தகரக் குழாயும் சில மாதத்தில் வளைவுப் பக்கம் ஓட்டையாகிவிட்டது, அது வேறு கதை.

சரி, பெயருக்கு வருவோம். அடுப்பு நம்முடையது. 'அடு' என்றால் சமை, அட்டில், அடிசில், அடுக்களை எல்லாம் அந்த வேர்தான். அதே 'அடு'வுக்குக் கொல்லுதல் என்றும் பொருள் உண்டு, புகை மண்டிய குசினியில் நின்று இருமியவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

முன்பாதிதான் சிக்கல். ஏவூர்தி அடுப்பு என்று நேராக மாற்றினால் சிரிப்பு வரும், ஏவுகணை என்றால் எங்கள் தலைமுறைக்குச் சிரிப்பும் வராது. வாண அடுப்பு என்பது ரொக்கெட் என்ற சொல்லின் பழைய பொருளுக்கு மிக நெருக்கம், ஆனால் ஏதோ வெடிக்கப் போகிறது என்று ஆட்கள் தள்ளி நிற்பார்கள். புகையில்லா அடுப்பு என்பது ஏற்கெனவே வேறு வகைகளுக்கும் வழங்குகிறது, அதோடு ஈரவிறகு வைத்தால் இதுவும் புகைக்கும், ஆகவே அது பொய். காற்றை இழுப்பதால் இழுப்படுப்பு என்று நினைத்தேன், இழுப்பு நோயின் பெயர், விட்டுவிட்டேன்.

என் தெரிவு குழலடுப்பு. வடிவத்தை அப்படியே சொல்கிறது. ஊதுகுழல் வைத்து ஊதி ஊதிக் கண் சிவந்த குசினியில், அந்தக் குழலே அடுப்புக்குள் போய்த் தானாக ஊதுவது போன்ற ஒரு பொருத்தமும் இருக்கிறது. சிரட்டை, காய்ந்த பனைமட்டைத் துண்டு, வேம்புக் குச்சி என்று விரல் தடிப்பில் எது கிடைத்தாலும் அதற்குப் போதும்.

அம்மாவுக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டியதில்லை. "தம்பி, அந்த வாளி அடுப்பை மூட்டு, மீன் கறி வைக்க வேணும்" என்கிறார்.