மதியம் இரண்டு மணிக்கு மிதித்துப் பார்க்க வேண்டிய கல்

தாராபுரம் சாலையில் ஒரு தோட்டத்து வீட்டுக்கு நீச்சல் குளம் கட்டியபோது, அதைச் சுற்றிலும் ஆறடி அகலத்துக்குக் கருங்கல் பலகை பாவலாம் என்று வரைபடத்தில் எழுதிக் கையெழுத்திட்டவன் நான்தான். நம் பக்கத்துக் கல், காலத்துக்கும் உழைக்கும், போர்வெல் உப்புக்கும் குளோரினுக்கும் அசையாது என்றெல்லாம் காரணம் சொன்னேன். சொன்ன காரணங்களில் ஒன்றும் பொய்யில்லை. மார்கழியில் வேலை முடிந்து, எல்லோரும் வெறுங்காலோடு அந்தக் கல்லின் மேல் நின்று பாராட்டினார்கள். பங்குனி முடிவதற்குள் வீட்டுக்காரரிடமிருந்து அழைப்பு வந்தது.

"என்னங் சார், கல்லு மேல காலே வெக்க முடியலீங்க. மாமனாருக்கு ரெண்டு பாதமும் கொப்புளிச்சுப் போச்சுங்க."

பேரன் எறிந்த பந்தை எடுக்கப் போன அந்த மாமனாருக்கு, அதாவது பேரனின் அப்புச்சிக்கு (அம்மாவின் அப்பா), பதினைந்து வருடமாகச் சர்க்கரை நோய். கல் சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை. சாயங்காலம் கால் கழுவும்போதுதான் கொப்புளங்களைப் பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு நடந்து, புண் ஆறி முடிய ஏறத்தாழ இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகு குளத்தைச் சுற்றிப் போடும் தளத்தை, இந்தத் தொழிலில் சொல்லும் 'பூல் டெக்'கை, அழகுக்கான பொருளாக மட்டும் நான் பார்ப்பதில்லை. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கங்களில் தோட்டத்து வீடுகளிலும் வார இறுதி விடுதிகளிலும் குளங்கள் பெருகிவருகிற இந்த நேரத்தில், என்னுடைய தவற்றை மற்றவர்களும் செய்யாதிருக்கவே இதை எழுதுகிறேன்.

காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் கொப்பரை காயப்போடும் களங்களைப் பார்த்திருப்பீர்கள். மேலே நிழல் விழாத இடமாகப் பார்த்து, வெயில் முழுவதையும் வாங்கிக்கொள்ளும்படி ஊற்றிய சிமெண்ட் தளம் அது. தேங்காய்ப் பருப்பு காய வேண்டுமென்று நம்மவர்கள் தெரிந்தே செய்கிற அந்த ஏற்பாட்டைத்தான், பெரும்பாலான குளங்களைச் சுற்றித் தெரியாமல் செய்து வைத்திருக்கிறோம். மரத்தை வெட்டி இடத்தைத் திறந்துவிடுகிறோம், அடர்ந்த நிறத்தில் கல் பாவுகிறோம், பிறகு அதன் மேல் ஈரப் பாதத்தோடு குழந்தைகளை ஓடவிடுகிறோம்.

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் தரைக்குச் சுமார் 1,000 வாட் வெப்பம் வந்து சேர்கிறது. கறுத்த கல் அதில் பெரும்பங்கை உறிஞ்சிக்கொள்கிறது. காற்றின் வெப்பம் 38 டிகிரி செல்சியஸ் இருக்கும் நாளில் அந்தக் கல்லின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடுவது சாதாரணம். கரூர் பரமத்தி போன்ற இடங்களில் காற்றே 40-ஐத் தாண்டும் நாட்களைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பாதத்தைச் சுடுவதில் கல்லின் வெப்பநிலைக்கு உள்ள பங்கு பாதிதான். அந்த வெப்பத்தைக் கல் எவ்வளவு வேகமாகத் தோலுக்குக் கைமாற்றுகிறது என்பது மற்றப் பாதி. வெயிலில் நின்ற மாட்டு வண்டியில் சக்கரத்தின் இரும்புப் பட்டாவையும் மர நுகத்தடியையும் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். 60 டிகிரியில் இருக்கும் கருங்கல்லை மிதிக்கும்போது பாதமும் கல்லும் சேரும் இடம் கணக்குப்படி சுமார் 51 டிகிரிக்குப் போகிறது. அதே 60 டிகிரியில் இருக்கும் மரப்பலகையை மிதித்தால் அது 40 டிகிரியை ஒட்டி நின்றுவிடுகிறது. சிமெண்ட் கான்கிரீட் இவை இரண்டுக்கும் நடுவே, கல்லின் பக்கம் சற்றுச் சாய்ந்து நிற்கும். குளத்தில் இறங்கும் துருப்பிடிக்காத எஃகு ஏணியின் கைப்பிடி எல்லாவற்றையும்விட மோசம். அதைத் தரையளவுக்கு யாரும் கவனிப்பதில்லை.

மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1947-இல் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தில் இன்றும் அடிப்படையாக இருக்கிறது. தோலின் மேற்பரப்பு 44 டிகிரியில் இருந்தால் புண்படுவதற்குச் சுமார் ஆறு மணி நேரம் ஆகும். 60 டிகிரியில் ஏறத்தாழ ஐந்தே வினாடி. வெப்பம் சில டிகிரி ஏறும்போது, தாங்கும் நேரம் மணிக்கணக்கிலிருந்து நிமிடத்துக்கும் நிமிடத்திலிருந்து வினாடிக்கும் சரிந்துவிடுகிறது. நல்ல உணர்ச்சியுள்ள காலை நாம் உடனே தூக்கிவிடுவோம், அதனால் தப்பிக்கிறோம். சர்க்கரை நோயால் பாதத்தின் உணர்ச்சி மங்கியவர்கள் தூக்குவதில்லை. அவர்கள் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். குழந்தைகளுக்குத் தோல் மெல்லியது. தடுக்கி விழுந்தால் உள்ளங்கையும் முழங்காலும் சேர்ந்து படும். சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுவதும், கொப்புளத்தை உடைக்காமல் மருத்துவரிடம் போவதும்தான் முறை. பற்பசை, மை, மஞ்சள் எதுவும் வேண்டாம்.

பாலைவன நாட்டு அனுபவத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் உண்டு, அப்படியே எடுக்கக் கூடாததும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில் 2023-ஆம் ஆண்டுக் கோடையில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 43 டிகிரியைத் தாண்டியது. தரையில் விழுந்து தீப்புண்ணோடு வருபவர்களை அவ்வூர்த் தீக்காய மருத்துவமனை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறது. அந்த நகரம் 2020-இல் தார்ச் சாலைகளின் மேல் வெளிர்நிறப் பூச்சு பூசிச் சோதித்தது. மதிய நேரத்தில் சாலையின் மேற்பரப்பு 6 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குறைந்தது. ஆனால் தரையிலிருந்து தெறித்த ஒளியால், அதன் மேல் நடக்கும் மனிதரின் உடல் வாங்கிய வெப்பம் 3 டிகிரி அளவுக்குக் கூடியது. தளத்தைப் பளிச்சென்ற வெள்ளையாக்கினால் பாதம் தப்பும், முகமும் கண்ணும் வாங்கிக்கொள்ளும் என்பதுதான் இதன் பொருள். ஆகவே நான் வெள்ளையைச் சொல்வதில்லை. சந்தன நிறம், மோர் நிறம், வெளிர் மணல் நிறம் என்று சொல்கிறேன்.

மெக்காவில் காபாவைச் சுற்றியுள்ள திறந்தவெளியில் கிரீஸ் நாட்டுத் தாசோஸ் தீவின் வெள்ளைப் பளிங்கைப் பாவியிருக்கிறார்கள். கடும் வெயிலிலும் அதில் வெறுங்காலோடு நடக்க முடிகிறது. இதைக் கேள்விப்பட்டு, குளத்துக்கும் வெள்ளைப் பளிங்கு கேட்டவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். ஈரம்பட்ட மெருகுப் பளிங்கில் ஒரு குழந்தை ஓடுவதை நினைத்துப் பார்த்தாலே அந்த ஆசை போய்விட வேண்டும்.

பாலைவனத்து வரைபடங்களைப் பார்த்து நாம் ஏமாறுகிற இன்னொரு இடம் நிழல். பீனிக்ஸ் 33 டிகிரி வடக்கே இருப்பதால், அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கே சாய்ந்துதான் நிற்கும். கோவையும் ஈரோடும் 11 டிகிரி வடக்கில் இருக்கின்றன. சித்திரை முதல் வாரத்தில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வந்து, பிறகு ஆவணி முதல் பத்து நாட்களுக்குள் திரும்பி வரும்வரை, நண்பகலில் நமக்கு வடக்கேதான் நிற்கிறது. அங்கே குளத்தின் தென்புறம் போட்ட பந்தல் குளக்கரைக்கு நிழல் தரும். இங்கே மே மாத நண்பகலில் அதே பந்தலின் நிழல் தெற்கே, வேலிப்பக்கம் விழும். நம் ஊருக்கு வேண்டியது தலைக்கு மேல் ஒரு மறைப்பு, மேற்கே ஒரு மறைப்பு. இரண்டு மணிக்கு மேல் அடிக்கிற வெயில் மேற்கிலிருந்துதான் வருகிறது. தென்னங்கீற்றுப் பந்தலோ நாற்றுப் பண்ணைகளில் கட்டும் 75 சதவீத நிழல் வலையோ போதும், பெரிய செலவு இல்லை. மரமே வேண்டும் என்பவர்கள் வேம்பையும் புங்கனையும் மேற்கே இருபதடி தள்ளி வைக்கலாம். இலை உதிர்வதைப் பற்றிப் பிறகு என்னைத் திட்டக் கூடாது. நிழலுக்குச் செலவழித்த ஒரு ரூபாய், விலையுயர்ந்த கல்லுக்குச் செலவழித்த பத்து ரூபாயைவிட அதிக வேலை செய்கிறது என்பது என் அனுபவம்.

கல்லுக்கு வருகிறேன். கடப்பாக் கல்லை இந்த வேலைக்கு நினைக்கவே வேண்டாம்: நிறமும் கறுப்பு, இனமும் சுண்ணாம்புக் கல், குளத்துக்கு ஊற்றும் அமிலம் சிந்தினால் அரித்துவிடும். பாலைவன நாடுகளில் எல்லோரும் புகழ்கிற டிராவர்டைன், துருக்கியிலிருந்து வருகிற வெளிர்நிறக் கல். நிறத்தாலும் உள்ளிருக்கும் துளைகளாலும் அது காலைச் சுடுவது குறைவு, உண்மைதான். ஆனால் மழையே காணாத ஊரில் அந்தத் துளைகள் காலியாக இருக்கும். நம் ஊரில் வைகாசிக் காற்று செம்மண்ணைக் கொண்டுவந்து அவற்றில் நிரப்பும், ஐப்பசி அடைமழை அதில் பாசி வளர்க்கும். அதுவும் சுண்ணாம்பு இனம் என்பதால் அமிலத்துக்கு ஆகாது. ஆண்டுக்கு ஒருமுறை கழுவி மேற்பூச்சு அடிக்க ஆள் இருக்கும் வீட்டுக்கு மட்டும் சொல்வேன். ராஜஸ்தானத்து வெளிர் மணற்கல்லுக்கும், அமிலத்தைத் தவிர, ஏறத்தாழ இதே பேச்சுதான்.

பெரும்பாலான வீடுகளுக்கு நான் இப்போது போடுவது, வெள்ளை சிமெண்ட் கலந்த வெளிர்நிறக் கான்கிரீட் தளம்; அது இறுகும் பருவத்தில் மேலே துடைப்பத்தால் கோடு இழுத்துவிடுகிறோம். கோட்டின் மேடு மட்டும் பாதத்தில் படுவதால் வெப்பம் ஏறுவதும் குறைகிறது, வழுக்குவதும் குறைகிறது. பார்ப்பதற்குச் சாதாரணமாக இருக்கும் என்பதால் வீட்டுக்காரர்களை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் சிரமம். ஓடு பதிப்பதாக இருந்தால், கடைக்காரர் சொல்லும் 'ஆர்11' என்ற எண்ணோடு நிற்காதீர்கள். அது செருப்புக் காலுக்கு அளந்தது. ஈர வெறுங்காலுக்கு ஜெர்மானியத் தரத்தில் ஏ, பி, சி என்று தனிப் பிரிவுகள் உண்டு. குளக்கரைக்குப் பி, குளத்தில் இறங்கும் படிக்குச் சி என்று கேட்டு வாங்க வேண்டும்.

செயற்கைப் புல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பச்சையாக இருப்பதால் குளிர்ச்சியாக இருக்கும் என்று நம்பி வாங்குகிறார்கள். அது பிளாஸ்டிக், உச்சி வெயிலில் 65 டிகிரியையும் தாண்டிவிடும். அடர்ந்த நிறத்தில் விற்கும் மரத்தூள் பிளாஸ்டிக் பலகையையும் மரமென்று நம்பிவிட வேண்டாம்.

தண்ணீர் ஊற்றினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: போதும், அரை மணி நேரத்துக்கு. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு குடம் ஊற்றினாலும் ஒரு சதுர மீட்டர் தளத்தில் தங்குவது அரை லிட்டரைத் தாண்டாது, மிச்சம் ஓடிவிடும். அந்த அரை லிட்டரை உச்சி வெயில் அரை மணியில் குடித்துவிடும். ஆயிரம் அடி போர்வெல்லின் உப்புத் தண்ணீராக இருந்தால், காய்ந்த இடத்தில் வெள்ளைப் படலமும் சேரும். சுட்ட மண்ணால் ஆன தட்டு ஓடு பாவியிருந்தால் இரண்டு கோடையில் மேல்தோல் உரிய ஆரம்பிக்கும்.

ஏற்கெனவே கருங்கல்லோ கடப்பாவோ பாவிவிட்டவர்கள் பெயர்க்க வேண்டியதில்லை. நம் கோயில் பிரகாரங்களில் கோடைக்குத் தேங்காய் நார் விரிப்பு போட்டு நீர் தெளிப்பதைப் போல, வீட்டு வாசலிலிருந்து ஏணி வரைக்கும் மூன்றடி அகலத்தில் ஒரு விரிப்பு போடலாம். பொள்ளாச்சிப் பக்கம் தேவையான நீளத்துக்கே கிடைக்கிறது. ராத்திரி அதைச் சுருட்டித் தூக்கிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் பூரான் குடியேறும். ஏணிக் கைப்பிடிக்கு நூல் கயிறு சுற்றிவிடுங்கள்.

புதிதாகப் போடுபவர்கள் கல்லைக் குளிரூட்டிய ஷோரூமில் முடிவு செய்யாதீர்கள். பிடித்த நான்கு மாதிரிகளை, ஒவ்வொன்றும் ஓரடிச் சதுரத்துக்குக் குறையாமல், குளம் வரப்போகிற இடத்திலேயே காலை முதல் வெயிலில் போட்டு வையுங்கள். மதியம் இரண்டு மணிக்கு முதலில் புறங்கையை வைத்துப் பாருங்கள். தாங்கினால் மட்டும் வெறுங்காலோடு ஏறி, பத்து வரை நிதானமாக எண்ணுங்கள். எண்ணி முடிக்க முடியாத கல்லை லாரியில் ஏற்ற வேண்டாம். சோதனையைப் பங்குனிக்கு முன்னால் செய்தால் அது கணக்கில் வராது. கால் உணர்ச்சி குறைந்தவர்களை இதில் ஈடுபடுத்தவும் கூடாது.

தாராபுரம் சாலை வீட்டில் அந்தக் கருங்கல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. மேலேயும் மேற்கிலும் கீற்றுப் பந்தல் போட்டோம், என் செலவில். அப்புச்சி இப்போது ரப்பர் செருப்போடுதான் குளத்துப் பக்கம் வருகிறார். நான் போகும்போதெல்லாம் அதைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறார்.