டால்டா கெட்டியா இருக்குறதுக்கும் ப்ளஸ் ஒன் கெமிஸ்ட்ரிக்கும் என்ன சம்பந்தம்?

ஃபுட் டெஸ்டிங் லேப்ல வேலைன்னு தெரிஞ்சா போதும், கல்யாண வீட்டு பந்தில உக்காந்திருந்தா கூட எண்ணெய் பத்தி தான் கேப்பாங்க. அதுலயும் டிரான்ஸ் ஃபேட் பத்தி கேக்குறவங்க பாதி பேரு அது ஏதோ எண்ணெய்ல வெளியில இருந்து கலக்குற விஷம்னு நெனச்சுட்டு இருக்காங்க. யாரும் எதையும் கலக்குறதில்லங்க. அதே கார்பன், அதே ஹைட்ரஜன், அதே ஆக்சிஜன், எண்ணிக்கை கூட மாறல, மூலக்கூறோட வடிவம் மட்டும் மாறியிருக்கு. ப்ளஸ் ஒன்ல சிஸ், டிரான்ஸ்னு ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணிட்டு பரீட்சை ஹால்லயே மறந்துட்டு வந்தோமே, அதே சமாச்சாரம் தான்.

ஓலிக் ஆசிட்ட எடுத்துக்கலாம், கடலை எண்ணெய்லயும் ஆலிவ் ஆயில்லயும் நெறைய இருக்கும், மூணு மூணா கிளிசரால்ங்கிற சின்ன மூலக்கூறுல கோத்துக்கிட்டு இருக்கும். 18 கார்பன் சங்கிலி, 9வது கார்பனுக்கும் 10வது கார்பனுக்கும் நடுவுல மட்டும் ஒரு இரட்டைப் பிணைப்பு. ஒற்றைப் பிணைப்பு இருக்குற இடத்துலல்லாம் கார்பன் தாராளமா சுத்திக்கும், சங்கிலி எப்படி வேணா நெளியும். இரட்டைப் பிணைப்புல அது நடக்காது, ஏன்னா அதுல ஒண்ணு சிக்மா, ரெண்டு கார்பனுக்கும் நேர் நடுவுல இருக்கும், இன்னொண்ணு பை, அதோட எலக்ட்ரான் அந்தக் கோட்டுக்கு மேலயும் கீழயும் பரவி நிக்கும், சுத்தணும்னா அந்த பை பிணைப்பையே உடைச்சாகணும். அதுக்கு மோலுக்கு சுமார் 270 கிலோஜூல் வேணும், சாதாரண சூட்டுல அதெல்லாம் கிடைக்காது. அந்த ரெண்டு கார்பன்லயும் ஆளுக்கு ஒரு ஹைட்ரஜன் இருக்கும், அதனால செடி அந்த ரெண்டு ஹைட்ரஜனையும் ஒரே பக்கம் வச்சு செஞ்சு குடுத்துச்சுன்னா பாட்டில்ல எத்தன மாசம் இருந்தாலும் ஒரே பக்கம் தான் இருக்கும்.

ஒரே பக்கம் இருந்தா சிஸ், நம்ம செக்கு எண்ணெய்ல இருக்குறது கிட்டத்தட்ட எல்லாமே அது தான். சங்கிலி அந்த இடத்துல மடங்கிடும். எதிரெதிர் பக்கம் இருந்தா டிரான்ஸ், சங்கிலி ஏறக்குறைய நேரா நீட்டி நிக்கும். கோணல் விறகையும் நேரான விறகையும் அடுக்கிப் பாத்தவங்களுக்கு மிச்சம் புரிஞ்சிரும், நேரா இருக்குறது நெருக்கமா படியும், பிரிக்க அதிக சூடு வேணும். சிஸ்ஸா இருக்குற ஓலிக் ஆசிட் 13, 14 டிகிரிலயே உருகிரும், அதே ஃபார்முலா டிரான்ஸ்ஸா இருந்தா அதுக்கு பேரு எலைடிக் ஆசிட், உருக சுமார் 45 டிகிரி வேணும். இரட்டைப் பிணைப்பே இல்லாத ஸ்டியரிக் ஆசிட்டுக்கு 69 டிகிரி. ஒரே ஒரு ஹைட்ரஜன் பக்கம் மாறினதுக்கு 30 டிகிரி வித்தியாசம், எனக்கு இன்னமும் ஆச்சரியமா தான் இருக்கு.

இதப் பாத்துட்டு உடனே "37 டிகிரி உடம்புல அது உறைஞ்சு குழாய அடைச்சுக்குது"ன்னு வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வர்ட் சுத்துது, அது தப்பு. ரத்தத்துல கொழுப்பு அப்படி கட்டி கட்டியா மிதக்கிறதில்ல. நிஜமான பிரச்சன வேற, டிரான்ஸ் ஃபேட் கெட்டதுன்னு சொல்ற எல்டிஎல் கொலஸ்ட்ரால ஏத்துது, நல்லதுன்னு சொல்ற எச்டிஎல்ல இறக்குது. நெதர்லாந்துல மென்சிங்க், காட்டன்னு ரெண்டு பேரு 1990ல ஆளுங்களுக்கு குடுத்துப் பாத்து இத வெளியிட்டாங்க, அதுக்கப்புறம் தான் உலகம் முழிச்சிச்சு.

சரி, செடில இல்லாத டிரான்ஸ் எங்க இருந்து வருது? எண்ணெய கெட்டியாக்குற இடத்துல. வில்ஹெல்ம் நார்மன்னு ஒரு ஜெர்மன்காரர் 1901ல நிக்கல் பவுடர வச்சு ஹைட்ரஜன செலுத்தி திரவ எண்ணெய கெட்டியாக்கிக் காட்டினாரு, நம்ம நாட்டுல டால்டா 1937ல வந்துச்சு. நிக்கல் மேல உக்காந்ததும் அந்த பை பிணைப்பு திறந்துக்கும், ஒரு கார்பன்ல மட்டும் ஹைட்ரஜன் ஒட்டும், இப்ப அந்த இடம் ஒற்றைப் பிணைப்பு, சுத்தத் தடை இல்ல. ரெண்டாவது ஹைட்ரஜன் வந்து ஒட்டிட்டா வேலை முடிஞ்சது, நெறைகொழுப்பு, அதாவது சாச்சுரேட்டட் ஃபேட் ஆயிரும். வராம, ஒட்டினதும் கழண்டுக்கிச்சுன்னா இரட்டைப் பிணைப்பு மறுபடி உருவாகும், ஆனா இந்த தடவ பெரும்பாலும் நெருக்கடி கம்மியான வடிவத்துக்கு, அதாவது டிரான்ஸ்ஸுக்கு போயிரும்.

இதுல பலபேருக்கு தெரியாதது, முழுசா ஹைட்ரஜன் ஏத்தினா டிரான்ஸ் ஏறக்குறைய இருக்காது, ஏன்னா இரட்டைப் பிணைப்பே மிச்சம் இல்ல. பாதில நிறுத்தினா தான் ஆபத்து, பாதில நிறுத்தினா தான் பஃப்ஸுக்கும் பிஸ்கட்டுக்கும் தோதான பதமும் வரும். லேபிள்ல "பார்ஷியலி" ஹைட்ரஜனேட்டட்னு பாத்தீங்கன்னா கீழ வச்சிருங்க.

ஒரு பேக்கரிக்காரர் சாம்பிள் குடுக்க வந்தப்ப "நாங்க போடுறது சுத்த வெஜிடபிள் ஃபேட் மேடம், இதுல எப்படி வரும்"னு கேட்டாரு. அவரு சொன்னது பொய் இல்ல. ஆனா எங்க மெஷினுக்கு வெஜிடபிளா இல்லையாங்கிறது கணக்கே இல்ல. கொழுப்ப மெத்தில் எஸ்டரா மாத்தி கேஸ் குரோமட்டோகிராஃப்னு கலவைய தனித்தனியா பிரிச்சுக் காட்டுற மெஷின்ல ஏத்துவோம், உள்ள முடி மாதிரி மெலிசா ஒரு குழாய், சுருட்டி வச்சிருப்பாங்க, நீட்டினா 100 மீட்டர், ஒரு சாம்பிள் ஓடி முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். அவ்ளோ நீளம் எதுக்குன்னா எடை ஒண்ணு, ஃபார்முலா ஒண்ணு, வடிவத்த மட்டும் வச்சு பிரிக்கணும். டிரான்ஸ் கொஞ்சம் முன்னாடி வெளிய வரும், சிஸ் ஒட்டினாப்ல பின்னாடி பெருசா வரும், சின்ன குழாய் போட்டா ரெண்டும் ஒண்ணா கலந்து கிராஃப்ல ஒரே மேடா தெரியும், ரிப்போர்ட்டும் அழகா வந்துரும், தப்பா.

இந்தியால 2022 ஜனவரில இருந்து எண்ணெய், கொழுப்பு, அத வச்சு செஞ்ச பண்டம் எதுலயும், அதுல இருக்குற மொத்தக் கொழுப்புல தொழிற்சாலை டிரான்ஸ் ஃபேட் 2 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐயோட விதி. நல்ல விதி தான், ஆனா பாக்கெட்ல வர்றதுக்கு லேபிள் இருக்கு, டீக்கடை கண்ணாடி ஜாடில இருக்குற வெண்ணெய் பிஸ்கட்டுக்கு எங்க லேபிள் இருக்கு? ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுறவங்களுக்கு 2.2 கிராமுக்குள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அரை டீஸ்பூன் கொழுப்பு அளவு தான் அது.

தேங்காய் எண்ணெய் மார்கழில உறையுதே, அப்ப அதுல டிரான்ஸான்னு கேப்பாங்க. இல்ல, அதுல பெரும்பாலும் இரட்டைப் பிணைப்பே இல்லாத சங்கிலி, 24 டிகிரி வாக்குல உறையுறது அதோட சுபாவம், நெறைகொழுப்புன்னு அளவா சாப்பிடணும், அது வேற பேச்சு. நெய்ல, பால்ல கொஞ்சம் டிரான்ஸ் உண்டு, மாட்டு வயித்துல பாக்டீரியா பண்ற வேல அது, எஃப்எஸ்எஸ்ஏஐயோட 2 சதவீதக் கணக்குல அது சேராது. பஜ்ஜி சுட்ட எண்ணெய திரும்பத் திரும்ப காய்ச்சினா டிரான்ஸ் கொஞ்சம் கூடத்தான் செய்யும், ஆனா அங்க பெரிய கவலை எண்ணெய் சிதைஞ்சு வர்ற போலார் காம்பவுண்ட்ஸ், அது 25 சதவீதத்தத் தாண்டின எண்ணெய்ல சமைக்கவே கூடாது. வீட்டுல அத அளக்க மீட்டர் இருக்காது, கருத்து, கொழகொழன்னு ஆகி, நுரை அடங்காம நின்னா ஊத்திரலாம், சிங்க்ல வேண்டாம், ஒரு பாட்டில்ல.