பேலட் பலகை: ரம்பத்தை எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

சரக்கு அடுக்கும் மரத் தட்டுகளான பழைய பேலட்டுகளைக் கொண்டு அலமாரியோ செடித்தொட்டியோ செய்ய விரும்பி என் பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, அவற்றை எப்படிப் பிரிப்பது என்பதைத்தான். அதற்கும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்தப் பலகை இதுவரை எதைச் சுமந்தது, பூச்சி நீக்க அதற்கு என்ன செய்தார்கள், அதைக் கொடுப்பவருக்குக் கொடுக்கும் உரிமை உண்டா என்பவையே. இழைப்பிலோ இணைப்பிலோ வரும் குறையைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். மரத்தினுள் ஊறிவிட்ட ரசாயனத்தை எந்த இழைப்புளியாலும் முழுதாக நீக்க முடியாது.

மரப் பெட்டிகளோடும் பேலட்டுகளோடும் சேர்ந்து பூச்சிகளும் நாடு விட்டு நாடு போய்விடக் கூடாது என்பதற்காக, பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ் 2002-ஆம் ஆண்டு ஐ.எஸ்.பி.எம். 15 என்ற விதிமுறை ஏற்கப்பட்டது. அதன்படி பதப்படுத்தப்பட்ட பேலட்டின் பக்கவாட்டில் கோதுமைக் கதிர் போன்ற ஒரு சின்னமும், நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளும், தயாரிப்பாளரின் எண்ணும், பதப்படுத்திய முறையைக் காட்டும் எழுத்துகளும் முத்திரையாக இருக்கும். நாம் தேட வேண்டியது கடைசியில் சொன்ன எழுத்துகளை. எச்.டி. (HT) என்றிருந்தால், மரத்தின் நடுப்பகுதி உட்பட எல்லா இடமும் குறைந்தது 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தொடர்ந்து 30 நிமிடங்கள் இருந்திருக்கிறது என்று பொருள். இந்த முறையில் ரசாயனம் எதுவும் சேர்க்கப்படுவதில்லை. எம்.பி. (MB) என்றிருந்தால், மெத்தில் புரோமைடு என்னும் நச்சு வாயுவால் புகையூட்டப்பட்டது. ஓசோன் படலத்தைச் சிதைப்பதால் மாண்ட்ரியல் உடன்பாட்டின்படி படிப்படியாக விலக்கப்பட்ட வாயு இது. ஆனால் பூச்சித் தடுப்புக்காகச் சரக்குகளுக்குப் புகையூட்டுவதற்கு மட்டும் விலக்கு உண்டு. வாயு நாளடைவில் வெளியேறிவிடும் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேறு பலகை கிடைக்கும்போது இதை வீட்டுக்குள் கொண்டுவர எந்தக் காரணமும் இல்லை என்பது என் நிலை. இதை விறகாக எரிப்பதும் கூடாது.

எச்.டி. முத்திரையைப் பார்த்ததும் அந்த மரத்தைக் கரையான் அரிக்காது, மழையில் மக்காது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அந்தச் சூடு அப்போது மரத்துக்குள் இருந்த பூச்சிகளைக் கொன்றதோடு சரி. பின்னால் வரும் கரையானுக்கும் பூஞ்சைக்கும் அது தடையாகாது. முத்திரையே இல்லாத பேலட் உள்நாட்டுக்குள் மட்டும் ஓடியதாக இருக்கலாம், அதனாலேயே அது கெட்டதாகிவிடாது. கொடுப்பவரிடம் விசாரித்து, பதில் திருப்தியாக இல்லையென்றால் விட்டுவிடுவது நல்லது. நீலம், சிவப்பு என்று முழுதாக வண்ணம் பூசியவை பெரும்பாலும் வாடகைக்கு விடும் நிறுவனங்களின் உடைமை. கிடங்குக்காரர் எடுத்துக்கொள்ளச் சொன்னாலும் அவை அவருடையவை அல்ல.

முத்திரை சொல்லாத பாதிக் கதையை மூக்குதான் சொல்லும். எண்ணெய்க் கறை, வெள்ளைப் பொடி, பூஞ்சைக் கருமை ஆகியவற்றைக் கண்ணால் பார்த்த பிறகு, பலகையின் முனையில் ஒரு விரற்கடை அறுத்து அந்தப் புது வெட்டை முகர்ந்து பாருங்கள். நல்ல மரத்தில் பிசின் வாசமோ வெறும் மர வாசமோதான் வரும். நெடியோ மக்கிய வாடையோ வந்தால் அந்தப் பலகை வேண்டாம். 2010-இல் அமெரிக்காவில் ஒரு மருந்து நிறுவனம் தன் மாத்திரைகளைச் சந்தையிலிருந்து பெருமளவில் திரும்பப் பெற நேர்ந்ததற்குக் காரணமே, மரப் பேலட்டுகளில் பயன்படுத்திய ரசாயனம் சிதைந்து உண்டான பூஞ்சை வாடை மாத்திரைப் புட்டிகளுக்குள் ஏறியதுதான்.

பிரிக்கும்போது கடப்பாரையால் நெம்பினால் பலகை முனைகளிலேயே பிளக்கும். பேலட்டில் அடிப்பவை பெரும்பாலும் முறுக்கு ஆணிகளும் வளைய ஆணிகளும். எளிதில் கழன்று வராமலிருக்கவே அவை அப்படிச் செய்யப்படுகின்றன. பலகைக்கும் சட்டத்துக்கும் இடையே உலோகம் அறுக்கும் பிளேடை நுழைத்து ஆணியை வெட்டிவிட்டு, பலகையில் தங்கும் தலைப்பகுதியைப் பின்புறமிருந்து தட்டி வெளியேற்றுவதே மரத்தைக் காக்கும் வழி. பிறகு காந்தத்தை ஒவ்வோர் அங்குலமாக நகர்த்திப் பார்க்க வேண்டும். ஒளிந்திருக்கும் ஒரே ஓர் ஆணித்துண்டு இழைப்பு இயந்திரத்தின் கத்தியைப் பல் பல்லாக்கிவிடும். ஓக் போன்ற துவர்ப்புச் சத்துள்ள மரங்களில் இரும்பு பட்ட இடத்தைச் சுற்றி நீலக்கறுப்பாக ஒரு வளையம் படர்ந்திருக்கும். துளை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் உள்ளே இரும்பு இருக்கலாம் என்பதற்கு அது அடையாளம்.

பிரித்த பலகைகளை உடனே இணைத்துவிடக் கூடாது. வெளியில் கிடந்த மரம் ஈரத்தை இழக்கும்போது அகலவாக்கில் சுருங்கும், நீளத்தில் ஏறக்குறைய மாறாது. அதனால்தான் அவசரமாகச் செய்த மேசைகளில் பலகைகளுக்கு இடையே பிளவு விழுகிறது. இடையிடையே சிறு குச்சிகள் வைத்து, காற்றோட்டமுள்ள நிழலில் சில வாரங்கள் அடுக்கி வையுங்கள். இழைத்த பின் மிஞ்சும் கனம் பெரும்பாலும் ஒன்றரை சென்டிமீட்டருக்குள் இருக்கும் என்பதால் கருவித்தட்டு, காலணி அடுக்கு, செடித்தொட்டி ஆகியவற்றுக்கு இது போதும். அடியில் தாங்கு சட்டம் இல்லாத நீண்ட புத்தக அலமாரிக்குப் போதாது. காய் நறுக்கும் பலகை, தொட்டில், குழந்தைகள் வாயில் வைக்கும் பொம்மை ஆகியவற்றை எவ்வளவு நல்ல பேலட்டிலிருந்தும் நான் செய்து தருவதில்லை.

மரத்தூளைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. எனவே உப்புத்தாள் தேய்க்கும்போது துணி கட்டினால் போதாது. என்-95 (N95) தரமுள்ள முகக்கவசம் வேண்டும். கடைசியாக ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள், துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடக் கூடாது. அந்த எண்ணெய் உலரும்போது வெப்பம் உண்டாகிறது. சுருண்ட துணிக்குள் அது வெளியேற வழியின்றிச் சேர்ந்து, துணி தானாகவே தீப்பற்றும். அதை விரித்துத் திறந்தவெளியில் உலர்த்துங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் மூடி வையுங்கள்.