ஹீட்டர் வெதுவெதுப்பாக வந்தால் டேஷ்போர்டில் கை வைக்காதீர்கள், முதலில் பானெட்டைத் திறங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பட்டறைக்குக் கொண்டுவருபவர்கள் மற்ற எல்லாக் குறையையும் சொல்லி முடித்த பிறகு, போகிற போக்கில் ஒன்றைச் சொல்வார்கள்: “ஹீட்டர் மட்டும் வெதுவெதுன்னுதான் வருது. பழைய வண்டிதானே, அப்படித்தான் இருக்கும்.” அந்த “அப்படித்தான் இருக்கும்” காதில் விழுந்தால் எனக்கு மனசு கேட்காது. அப்படி இருக்கக் கூடாது. 1962-இல் வந்த எம்ஜிபி ஆகட்டும், 1989-இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 ஆகட்டும், எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு ஹீட்டரை முழுசாகத் திறந்தால் சுடச்சுடக் காற்று வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ ஏதோ கெட்டிருக்கிறது. அது ஹீட்டரில்தான் என்று நினைத்துக்கொள்வதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு.

ஹீட்டருக்கென்று தனியாக அடுப்பு கிடையாது. எஞ்சினில் எரியும் பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றும் திரவமான கூலண்டுக்குள் சூடாகப் போகிறது. அந்தச் சூடான கூலண்டில் கொஞ்சத்தை இரண்டு ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டருக்கு அனுப்பி, அதன் மேல் புளோயர் காற்றை ஊதுகிறது. அந்தக் குட்டி ரேடியேட்டர்தான் ஹீட்டர் கோர். ஆக, ஹீட்டர் சூடு குறைகிறது என்றால் கூலண்ட் பற்றாக்குறை, கூலண்ட் சூடேறாதது, அல்லது கோருக்கு வந்து சேராதது என்று எஞ்சின் பக்கமே பாதிக் காரணங்கள் இருக்கின்றன. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குக் குளிர்கிறதே என்பதற்காக மட்டும் நான் இதை எழுதவில்லை. கூலண்ட் குறைவதை எஞ்சின் நமக்கு முதன்முதலில் சொல்லும் இடம் பெரும்பாலும் இந்த ஹீட்டர்தான்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? எஞ்சினை ஓடவிட்டு, வழக்கமான சூட்டுக்கு வந்ததும் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தடுப்புச் சுவருக்குள் நுழையும் அந்த இரண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் கையும் சட்டை நுனியும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கை சுடும், துணியை இடையில் வைத்துத் தொடலாம். இரண்டும் நல்ல சூடு என்றால் கோருக்குள் தண்ணீர் ஓடுகிறது, குறை காற்றுப் பக்கத்தில். ஒன்று சூடு, மற்றது வெதுவெதுப்பு என்றால் கோர் அடைத்திருக்கிறது அல்லது கோருக்குக் கூலண்டை விடும் ஹீட்டர் வால்வு சரியாகத் திறக்கவில்லை. இரண்டுமே வெதுவெதுப்பு என்றால் தெர்மோஸ்டாட் (கூலண்ட் சூடேறியதும் திறந்து ரேடியேட்டருக்கு விடும் வால்வு), கூலண்ட் அளவு, ஏர் லாக் (குழாய்க்குள் காற்று சிக்கி நிற்பது) இந்த மூன்றில் ஒன்று. இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் டேஷ்போர்டைக் கழற்றியவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். முப்பது வருடப் பழைய பிளாஸ்டிக் ஒருமுறை கழற்றினால் திரும்ப அதே மாதிரி உட்காராது.

ஒரு இரண்டு சீட்டர் கார் வந்தது. வேறொரு இடத்தில் கோரையே மாற்றியிருந்தார்கள், சூடு ஏறவில்லை. தொட்டுப் பார்த்தேன், இரண்டு ஹோஸும் குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீர் மாதிரி இருந்தன. டெம்பரேச்சர் முள் கால்வாசிக்கு மேல் எழவில்லை. தெர்மோஸ்டாட் இருக்கும் கூட்டின் இரண்டு போல்ட்டைக் கழற்றி மூடியைத் தூக்கினால் உள்ளே ஒன்றுமே இல்லை. யாரோ எப்போதோ “சூடாகாமல் இருக்கும்” என்று தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு, புதுக் கேஸ்கெட் போட்டு அழகாக மூடியிருக்கிறார்கள். டிப் ஸ்டிக்கை உருவி முகர்ந்தேன், ஆயிலில் பெட்ரோல் வாசனை. பிளக் நான்கும் கரி.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது வண்டிக்கு நல்லது என்ற எண்ணம் இன்னும் போகவில்லை, அதுதான் எனக்கு வருத்தம். பெரும்பாலும் 82 அல்லது 88 டிகிரியில் திறக்கும்படி செய்த வால்வு அது. அது இல்லாவிட்டால் எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடும், பெட்ரோல் அதிகமாகப் போகும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும், தேய்மானம் கூடும். தெர்மோஸ்டாட் திறந்த நிலையில் சிக்கிக்கொண்டாலும் இதே கதைதான். சந்தேகம் இருந்தால் கழற்றி, ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்துப் பாருங்கள். ஆறிய தண்ணீரில் மூடியிருக்க வேண்டும், அதன் மேல் அச்சடித்த டிகிரிக்குப் பக்கத்தில் திறக்க ஆரம்பிக்க வேண்டும். அந்தக் காருக்குச் செலவானது ஒரு தெர்மோஸ்டாட், ஒரு கேஸ்கெட், ஆயில் மாற்றம். அவ்வளவுதான்.

இன்னொரு அறிகுறியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நின்றுகொண்டிருக்கும்போது ஹீட்டர் குளிர்ந்த காற்றை ஊதும், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சூடு வரும், விட்டால் மறுபடி குளிரும். இப்படி இருந்தால் கூலண்ட் குறைந்திருக்கிறது, அல்லது வாட்டர் பம்பின் இறக்கைகள் அரித்துப்போயிருக்கின்றன. பல கார்களில் ஹீட்டர் கோர்தான் கூலண்ட் சுற்றும் பாதையின் உயரமான இடம். மட்டம் கொஞ்சம் இறங்கினாலும் முதலில் காற்று நிற்பது அங்கேதான்.

அப்படி வந்த ஒருவரிடம் கேட்டபோது, வாரத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பதாகச் சாதாரணமாகச் சொன்னார். கீழே ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. எஞ்சின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்ததும் குமிழி குமிழியாகக் கிளம்பியது, நிற்கவே இல்லை. எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள ஹெட் கேஸ்கெட் போயிருந்தது. ஹீட்டர் குளிர ஆரம்பித்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. அன்றே வந்திருந்தால் கேஸ்கெட்டோடு முடிந்திருக்கும், வந்தபோது ஹெட்டும் வளைந்திருந்தது.

ஓடும்போது ஹீட்டர் திடீரென்று குளிர்ந்து, முள் மேலே ஏறினால் ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். வீடு வரை ஓட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். முள் ஏறாவிட்டாலும் நம்பாதீர்கள், சென்சார் நிற்கும் இடத்தில் கூலண்டே இல்லையென்றால் அது தப்பான அளவைத்தான் காட்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. அழுத்தத்தில் இருப்பதால் உள்ளே 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும் திரவம், மூடி தளர்ந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும்.

ஏர் லாக் என்றால், வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்தி, ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஐட்லிங்கில் விடுங்கள். மேல் ஹோஸை அவ்வப்போது பிசைந்துவிட்டுக் குறையக் குறைய ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும் நேரத்தில் மட்டம் சட்டென்று இறங்கும், அதற்குள் கூலண்டைக் கையில் வைத்திருங்கள். எஞ்சின் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கார்களில், 1972-இல் வந்த ஃபியட் எக்ஸ்1/9, 1984-இல் வந்த டொயோட்டா எம்ஆர்2 மாதிரி வண்டிகளில், பொறுமை இன்னும் அதிகம் வேண்டும். ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால், நடுவில் கேபினுக்கு அடியில் நீளக் குழாய். காற்று ஒளிந்துகொள்ள எத்தனையோ இடம். அந்தந்த வண்டியின் கையேட்டில் காற்றை வெளியேற்றும் வரிசை இருக்கும், அதை மாற்றாமல் செய்யுங்கள்.

ஹீட்டர் வால்வின் குறையும் காற்றுப் பக்கத்துக் குறைகளும் எளிது. சூட்டு லீவரை யாராவது உள்ளே நகர்த்தட்டும், நீங்கள் மறுமுனையில் வால்வின் கையைப் பாருங்கள். பழைய கேபிள் நீண்டுபோய் வால்வு பாதிதான் திறக்கும். கிளிப்பைத் தளர்த்தி, உறையைக் கொஞ்சம் நகர்த்தி மாட்டினால் போதும். கோரைச் சுற்றிய ஸ்பாஞ்ச் பொடிந்திருந்தால் காற்று கோருக்குள் போகாமல் ஓரத்தில் நழுவிவிடும். காற்று நுழையும் இடத்தில் காய்ந்த இலை அடைத்திருக்கும்.

1998 வரை வந்த ஏர் கூல்டு போர்ஷே 911-இல் கதையே வேறு, அங்கே ஹீட்டருக்குத் தண்ணீர் கிடையாது. எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றியுள்ள உறைக்குள் காற்றைச் சூடாக்கி உள்ளே அனுப்புகிறது. இந்த வகை வண்டியில் சூடு குறைந்தால் அந்த உறையும் இணைப்புக் குழாய்களும் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கலாம். உள்ளிருக்கும் எக்ஸாஸ்ட் குழாயும் ஓட்டையாகியிருந்தால் கார்பன் மோனாக்சைடு நேராக உள்ளே வரும். அதற்கு வாசனையும் நிறமும் கிடையாது. தலைவலி, கிறுகிறுப்பு, தூக்கம் வந்தால் ஹீட்டரை மூடி, கண்ணாடிகளை இறக்கி, வண்டியை நிறுத்தி வெளியே வாருங்கள். அதைச் சரிபார்க்கும் வரை ஹீட்டரைப் போடவே போடாதீர்கள்.

கடைசியில்தான் கோர். அடைத்திருந்தால் இரண்டு ஹோஸையும் கழற்றி, தண்ணீர் வெளியே வரும் பக்கத்திலிருந்து எதிர்த்திசையில் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். குழாயை முழு வேகத்தில் திறந்தால் பழைய பித்தளைக் கோரின் பற்றவைத்த இணைப்பு பிரிந்துவிடும். அலுமினியக் கோரில் ஆசிட் வேண்டவே வேண்டாம். முதலில் காபிப்பொடிக் கரைசல் மாதிரி வரும், தெளியும் வரை விடுங்கள். வடியும் கூலண்டைத் தட்டில் பிடியுங்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் கொடிய விஷம்.

கால் வைக்கும் கார்பெட் ஈரமாகி, கேபினில் இனிப்பு வாசனை வந்து, முன் கண்ணாடியில் துடைத்தாலும் போகாத பிசுக்குப் படிந்தால் கோர் ஒழுகுகிறது. இரண்டு ஹோஸையும் ஒன்றாக இணைத்து வீடு போய்ச் சேரலாம், ஆனால் அப்படியே விட்டுவிடாதீர்கள், குளிரிலும் மழையிலும் கண்ணாடியின் பனிமூட்டத்தை விலக்க வேறு வழி இருக்காது. புதுக் கோர் வாங்கினால், மாட்டுவதற்கு முன் மேசையில் வைத்து ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் லேசாகக் காற்றழுத்தம் கொடுத்து, தண்ணீரில் முக்கிப் பாருங்கள். ஒரு குமிழிகூட வராவிட்டால் மட்டும் டேஷ்போர்டை மூடுங்கள்.