போர்ட் ஃபார்வர்டிங்: பாக்கெட் திரும்பி வரும் வழி

"ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டாயிற்று. வீட்டுக்குள்ளிருந்து 192.168.1.10 என்று அடித்தால் சர்வர் திறக்கிறது. பொது ஐபி முகவரியை அடித்தால் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கோளாறு எங்கே?" வீட்டில் சர்வர் வைத்திருப்பவர்கள் எல்லோரும் என்றாவது ஒருநாள் கேட்கும் கேள்வி இது. வெளியிலிருந்து ரவுட்டரின் ஒரு போர்ட்டுக்கு, அதாவது ஒரு சேவையின் வாசல் எண்ணுக்கு, வருவதை உள்ளே இருக்கும் கணினிக்குத் திருப்பிவிடும் விதிதான் போர்ட் ஃபார்வர்டிங். பலர் உடனே ரவுட்டரை அணைத்து அணைத்துப் போடுகிறார்கள், ஃபயர்வாலை அடியோடு நிறுத்துகிறார்கள், கடைசியில் சர்வரையே டிஎம்இசட்டில் (வெளியிலிருந்து வரும் எல்லாமே நேராகச் சேரும் இடம்) தள்ளிவிடுகிறார்கள். நோய் தெரியாமல் செய்யும் பரிகாரம் இது. தற்செயலாகச் சரியானாலும் காரணம் தெரியாது, கதவு மட்டும் அகலத் திறந்தே கிடக்கும். பாக்கெட், அதாவது வலைப்பின்னலில் போகும் தரவுத் துண்டு, எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்க முடியும்போது இதற்கெல்லாம் தேவையே இல்லை.

முதலில் ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வான் ஐபி (ரவுட்டரின் இணையப் பக்கத்து முகவரி) என்ன என்று பாருங்கள். "என் ஐபி என்ன" என்று இணையத்தில் தேடினால் வரும் முகவரியும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். வான் ஐபி 10, 192.168 என்று தொடங்கினாலோ, 172.16 முதல் 172.31 வரையில் இருந்தாலோ உங்கள் ரவுட்டருக்கு மேலே இன்னொரு ரவுட்டர் இருக்கிறது. அது வீட்டிலேயே இருக்கும் மோடமாக இருந்தால் அதை பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டர் வேலை பார்க்காமல் வெறுமனே கடத்தும் முறை) மாற்றிவிடலாம். 100.64 முதல் 100.127 வரையில் இருந்தால் அது சிஜிநேட், அதாவது இணைய நிறுவனமே தன் பக்கத்தில் செய்யும் நேட் (பாக்கெட்டின் முகவரியை மாற்றி அனுப்பும் வேலை). ஐபிவி4 என்ற பழைய முகவரி முறையில் இருப்பதே சுமார் 429 கோடி முகவரிகள்தான். உலகப் பொதுத் தொகுப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டது. அதனால் இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருகின்றன. அதற்காகவே 2012-இல் இந்த 100.64 தொகுதி ஒதுக்கப்பட்டது. இந்த நிலையில் உங்கள் ரவுட்டரில் எந்த விதி எழுதினாலும் பயனில்லை. நிலையான பொது ஐபி கேட்டு வாங்குவது, முகவரிகள் ஏராளமாக உள்ள ஐபிவி6-க்கு மாறுவது, வெளியே ஒரு சிறிய விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) எடுத்து வயர்கார்ட் என்ற விபிஎன் சுரங்கம் போடுவது என மூன்று வழிகள் உண்டு. இவற்றில் ஐபிவி6-தான் நேர்மையான தீர்வு; மற்றவை ஒட்டுப்போடும் வேலை என்பது என் கருத்து.

அடுத்து சர்வர். நிரல் 127.0.0.1-இல் காது வைத்திருந்தால் அதே கணினிக்கு மட்டும்தான் பதில் சொல்லும், 0.0.0.0 (கணினியின் எல்லா முகவரிகளும்) என்று மாற்றுங்கள். ரவுட்டரில் முகவரிகளைப் பங்கிடும் டிஎச்சிபியில் சர்வரின் முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் என்றாவது சர்வர் 192.168.1.14 ஆகிவிடும், விதி ஆளில்லாத முகவரிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். விதி டிசிபியா யுடிபியா (தரவை அனுப்பும் இரு முறைகள்) என்பதையும் சரிபாருங்கள். வயர்கார்டின் 51820 போர்ட் யுடிபி. டிசிபியை மட்டும் சோதிக்கும் இணையதளங்கள் அதை எப்போதும் "மூடியிருக்கிறது" என்றே சொல்லும்.

இதற்குப் பிறகும் வரவில்லையா? சர்வரில் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பையோ வயர்ஷார்க்கையோ ஓடவிட்டு, வைஃபையை அணைத்த மொபைலிலிருந்து டேட்டா வழியாகத் திறந்து பாருங்கள். இணைப்பைத் தொடங்கும் சின் பாக்கெட்டே வந்து சேரவில்லை என்றால் கோளாறு ரவுட்டரிலோ அதற்கு மேலேயோ இருக்கிறது. சின் மட்டும் 1 விநாடி, 2 விநாடி இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்து, பதிலே போகவில்லை என்றால் பெரும்பாலும் சர்வரின் ஃபயர்வால்தான் விழுங்குகிறது. சர்வர் சின்-ஆக் (சின்னுக்கான பதில்) அனுப்பியும் சின் மறுபடி வந்தால், பதில் வழிதவறிப் போகிறது. சர்வரில் கேட்வே (வெளியே போகும் வாசல், அதாவது ரவுட்டர்) முகவரி தப்பாக இருக்கும், அல்லது அங்கே ஓடும் விபிஎன் பதிலை வேறு வாசல் வழியாக வெளியே அனுப்பும். வீட்டுக்குள் பேசக் கேட்வே தேவையில்லை. உள்ளே எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றுவது அதனால்தான்.

சரி, மொபைல் டேட்டாவில் திறக்கிறது, வீட்டு வைஃபையில் மட்டும் பொது ஐபி திறக்கவில்லை என்றால்? இந்த ஓர் இடத்தில்தான் நேட்டின் அழகு முழுதாகத் தெரியும்.

உங்கள் மடிக்கணினி 192.168.1.20, பொது முகவரி 203.0.113.5 என்று வைத்துக்கொள்வோம். மடிக்கணினி 203.0.113.5-இன் 443 போர்ட்டுக்கு சின் அனுப்புகிறது. ரவுட்டர் விதியைப் பார்த்து, சேருமிடத்தை 192.168.1.10 என்று திருத்தி சர்வருக்குத் தருகிறது. அனுப்பியவர் முகவரியில் கை வைக்கவில்லை, அது 192.168.1.20 ஆகவே இருக்கிறது. சர்வர் அதைப் பார்த்ததும், 'இவர் என் வலைப்பின்னலிலேயே இருப்பவர்தானே' என்று ரவுட்டரிடம் போகாமல் நேராகவே பதில் அனுப்பிவிடுகிறது. மடிக்கணினிக்கு 192.168.1.10-இடமிருந்து ஒரு சின்-ஆக் வருகிறது. அது பேசத் தொடங்கியதோ 203.0.113.5-உடன். டிசிபி இணைப்பின் அடையாளம் இரு பக்க முகவரிகளும் போர்ட்களும் சேர்ந்த நான்கு எண்கள். அதில் ஒன்று பொருந்தாவிட்டாலும் அது வேறு இணைப்பு. எனவே மடிக்கணினி ரீசெட் அனுப்பி அந்தப் பதிலைத் தள்ளிவிட்டு, 203.0.113.5-இன் பதிலுக்காகவே காத்திருக்கிறது. மூவரும் தத்தம் விதிப்படி சரியாக நடந்தும் இணைப்பு மட்டும் உருவாகவில்லை.

ரவுட்டர் அனுப்பியவர் முகவரியையும் சேர்த்து 192.168.1.1 என்று மாற்றிவிட்டால் பதில் அதனிடமே திரும்பும்; இரண்டு மாற்றங்களையும் அவிழ்த்து மடிக்கணினியிடம் கொடுத்துவிடும். இதுதான் ஹேர்பின் நேட். சில ரவுட்டர்களில் நேட் லூப்பேக் என்ற பெயரில் இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. இல்லாதபோது, உங்கள் டொமைன் பெயருக்கு வீட்டுக்குள் மட்டும் 192.168.1.10 என்று பதில் தரும்படி உள்ளூர் டிஎன்எஸ்ஸை (பெயருக்கு முகவரி சொல்லும் சேவை) அமையுங்கள். பெயர் மாறாததால் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழும் முறையிடாது. எனக்கு இந்த வழியே பிடிக்கும். ஹேர்பின்னில் வீட்டுக் கருவிகள் எல்லாமே சர்வர் பதிவில் 192.168.1.1 என்றுதான் தெரியும்; யாரோ ஒருவர் கடவுச்சொல்லைப் பலமுறை தப்பாக அடித்து, தவறான முயற்சிகளைக் கவனிக்கும் ஃபெயில்2பேன் நிரல் அந்த முகவரியைத் தடுத்துவிட்டால், பொது முகவரி வழியாக வரும் வீட்டார் அனைவருக்கும் கதவு அடைபடும்.