கதிரையில் அதிரும் தொண்டை

“கதிர் என்பதிலிருந்துதான் கதிரை வந்ததா?” என்று திருகோணமலை மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. தமிழ்நாட்டார் நாற்காலி என்பதை நாம் கதிரை என்கிறோம். அது போர்த்துக்கீசச் சொல். 1505 இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கீசர், 1620களில் திருகோணமலைக் கோணேசர் கோவிலை இடித்துக் கோட்டை கட்டினார்கள். 1639 இல் அந்தக் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போனது. கதிரை, மேசை, அலுமாரி மட்டும் நம் வீடுகளிலேயே தங்கிவிட்டன.

சரி, போர்த்துக்கீசருக்கு அது எங்கிருந்து கிடைத்தது? இருக்கையைக் குறிக்கும் ‘கத்தெத்ரா’ என்ற கிரேக்கச் சொல், லத்தீன் வழியாக வந்தது. அதன் நடுவில் இருந்த வன்மையான ‘த்த’ போர்த்துக்கலில் மெலிந்து ‘கதெய்ரா’ ஆனது.

இந்த மெலிவுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். தொண்டையில் விரலை வைத்து ‘கத்தை’ என்று சொல்லுங்கள். நடுவில் ஒரு கணம் அதிர்வு அறுந்துபோகும். இப்போது ‘கதை’ என்று சொல்லுங்கள். அதிர்வு அறுவதே இல்லை. உயிரொலி பிறக்கும்போது குரல்நாண்கள் ஆண்களுக்கு விநாடிக்கு நூறு தடவைக்கு மேலும், பெண்களுக்கு இருநூறு தடவையளவிலும் அதிர்கின்றன. இரண்டு உயிர்களுக்கு நடுவே, பத்தில் ஒரு விநாடிகூட நீடிக்காத ஒரு ‘த’வுக்காக அவற்றை நிறுத்தி மறுபடி தொடங்குவது வீண் வேலை. அதனால் அதிர்வு மெய்யெழுத்துக்குள்ளும் ஓடிவிடுகிறது. தமிழில் இது எப்போதும் நடப்பதால்தான் அந்த அதிரும் ஒலிக்கென்று தனி எழுத்து நமக்குத் தேவைப்படவில்லை. லத்தீன் பேசியவர்களின் தொண்டையும் அதே வழியில்தான் போனது. பிரான்சில் இன்னும் ஒரு படி மேலே போய், அந்த ‘த’ முழுதாகவே கரைந்துவிட்டது; அங்கிருந்து வந்ததுதான் ஆங்கிலத்துச் ‘செயார்’. ஆக, செயாரும் கதிரையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

எல்லாச் சொல்லுக்கும் தமிழ் வேர் கற்பித்தே தீரவேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு வருத்தம் தருகிறது. அந்த உழைப்பைக் கிழக்கு மாகாணப் பேச்சைப் பதிவுசெய்வதில் செலவிடலாம். ஒலிப்பதிவுக் கருவியும் ஆர்வமுள்ள சில மாணவர்களும் இருந்தால் தொடங்கிவிடலாம். பல்கலைக்கழகங்கள் இதற்குப் பணம் ஒதுக்கவேண்டும்.

அப்புறம், நாம் உட்காரும் நீள இருக்கையான ‘வாங்கு’. அது போர்த்துக்கீச ‘பாங்க்கோ’. மூக்கொலியிலும் குரல்நாண் அதிர்வதால், ‘ங்’ஐ அடுத்து வந்த ‘க்’கும் அந்த அதிர்விலேயே நனைந்துவிட்டது.