‘கிராங்க் கோண சென்சர்’: கிராங்க் இல்லாத எஞ்சினில் அதற்கு என்ன பெயர்?

ஹட்டன் பக்கத்துக் கராஜ்களில் ‘கிராங்க் சென்சர்’ என்று சுருங்கிப்போன இப்பெயரின் முழு வடிவம் ‘கிராங்க் ஆங்கிள் சென்சர்’, அதாவது கிராங்கின் கோணத்தை உணரும் கருவி, என்பதாகும். பிஸ்டனின் மேலும் கீழுமான அசைவைச் சுழற்சியாக மாற்றும் வளைந்த பகுதியே கிராங்க். எஞ்சினின் தண்டு இந்தக் கணத்தில் எத்தனை பாகை திரும்பியிருக்கிறது என்பதைக் கணினிக்கு அறிவிப்பது அதன் வேலை. அந்த அறிவிப்பு வந்தால்தான் தீப்பொறி விழவேண்டிய நேரம் முடிவாகும்.

‘கிராங்க்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் வளைவைக் குறிப்பது. நோயுற்றவரைச் சுட்டும் ஜெர்மன் சொல்லும் அதே வேரினது என்பது வேடிக்கையான உறவு. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் ரோலரை வட்டமாக அசைக்கும் வளைந்த இரும்புக் கைகளைக் கண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. தமிழில் ‘வணரி’ என்பது பொருத்தமான சொல். வணர்தல் என்றால் வளைதல். யாழின் வளைந்த தண்டைப் புறநானூறு ‘வணர்கோடு’ என்கிறது. சென்சருக்கு ‘உணரி’ என்ற சொல் உண்டு. ஆகவே சாதாரண எஞ்சினுக்கு ‘வணரிக் கோண உணரி’ என்பது வேர்ப்பொருளோடும் ஓசையோடும் இசைந்து வரும்.

ஆனால், மஸ்டா கார்களின் சுழலி எஞ்சினைச் சிறுவிமானத்துக்கு மாற்றியமைப்பவர்களும் இதே பெயரைத்தான் சொல்கிறார்கள். அங்கே அது பொருந்தாது. பெலிக்ஸ் வாங்கெல் வகுத்த அந்த எஞ்சினில் பிஸ்டனும் இல்லை, வணரியும் இல்லை. முக்கோண வடிவச் சுழலி ஒருமுறை சுற்றுவதற்குள் மூன்றுமுறை சுற்றும் மையவகற்சித் தண்டே (மையம் விலகிய வட்டப்பகுதி கொண்ட தண்டு) உண்டு. (முதலாம் உலகப் போர்க்கால விமானங்களின் ‘ரோட்டரி’ வேறு, அதில் வணரித்தண்டு அசையாமல் நிற்க, உருளைகள் சுற்றின.) எனவே ‘தண்டுக் கோண உணரி’ என்பதே சரி என்பது என் கருத்து.

இந்தத் திருத்தம் வெறும் சொல்லாராய்ச்சி அன்று. நாலடி (ஃபோர் ஸ்ட்ரோக்) எஞ்சினில் வணரி இருமுறை சுற்றினால்தான் ஒரு சுழற்சி முடியும் என்பதால், எந்தச் சுற்றில் தீப்பொறி வேண்டும் என்று அறிய, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டிலும் ஓர் உணரி வைப்பது வழக்கம். வாங்கெலில் ஒவ்வொரு சுழலிக்கும் தண்டின் சுற்று ஒன்றுக்கு ஓர் எரிப்பு நிகழ்வதால், தண்டுக் கோணம் ஒன்றே தீப்பொறிக்குப் போதும். அறுபது பல்லுக்கு இடமிட்டு அதில் இரண்டைக் குறைத்த சக்கரத்தைத் தண்டிலேயே பொருத்தினால், உணரி எண்ணும் ஒவ்வொரு பல்லும் 6 பாகை. விடுபட்ட இடம் தொடக்கப் புள்ளி.

உணரியின் வகையும் பார்க்கவேண்டியதே. இரு கம்பியுள்ள காந்தச்சுருள் உணரி தானே மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது; தண்டு மெதுவாகச் சுற்றினால் அதுவும் குறையும். நுவரெலியாவின் குளிர்காலைகளில் பற்றரி தளர்ந்து ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றும்போது உணரியின் சைகை (சிக்னல்) மங்குவது இதனால்தான். எட்வின் ஹோல் 1879இல் கண்டறிந்த விளைவால் இயங்கும் மூன்று கம்பி உணரிக்கு வெளியிலிருந்து மின் கொடுக்கவேண்டும். ஆனால் வேகம் எதுவாயினும் அதன் சைகையின் உயரம் மாறாது. வெப்பத்தைத் தாங்கும் தரமுள்ளதாகத் தேர்ந்தால் நான் ஹோல் வகையையே எடுப்பேன். விமானத்தில் அதையும் தனித்தனி மின்வழியோடு இரண்டாக வைப்பேன்.